பால் மருந்து

அத்தியாயம் பதினொன்று

வலது புருவத்துக்கு மேலே யாரோ ஆணி வைத்து அடிப்பது மாதிரி வலித்தது. லூர்துமேரி அடுப்பு முன்னால் குந்தி, ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு மறு கையால் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

ஆஸ்பத்திரிச் சொட்டு விட்டால் இந்த வலி வரும். அரை மணி நேரம் நிற்கும். பிறகு போகும். அடுத்த வேளைக்கு மறுபடி வரும்.

வலியோடு வேலை செய்வது அவளுக்குப் புதுசில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்தவள். சுத்தியல் பெருவிரலில் விழுந்தாலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை உடைத்தவள். ஆனால் அந்த வலிக்கெல்லாம் ஒரு காரணம் தெரியும். இது வைத்தியத்தின் வலி. பொறுத்துக்கொண்டால் கண் பிழைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பொறுத்துக்கொண்டாள்.

வாரா வாரம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அவள் இடது கண்ணின் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வலியில்லாமல், சிவக்காமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்து போன வருஷம் அது அணைந்தே போயிற்று. கண்ணுக்குள்ளே நீரின் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிவிட்டது, இதற்குப் பெயர் கிளாக்கோமா என்றார் டாக்டர் ஜெயகரன். லேட்டாக வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். மிச்சம் இருப்பது வலது கண். அதைக் காப்பாற்றத்தான் நாலு வேளையும் இந்தச் சொட்டு.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து ஆரோக்கியசாமி வந்துவிட்டான்.

சர்க்கார் ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷமாக வெல்டர். சட்டையில் தீப்பொறி தின்ற ஓட்டைகள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

“கண்ணு இன்னா இப்படிச் செவந்து கீது? கண்ணாடி போடலியா?”

“போட்டேன் மேரி. பக்கத்துல ஒரு புதுப்பையன் சொல்லாம கொள்ளாம ஆர்க் அடிச்சுட்டான், வெளிச்சம் பக்கவாட்டுல வந்து பட்டுடுச்சு. மணலை அள்ளிக் கண்ணுல கொட்டின மாதிரி இருக்குது. பால் மருந்தை எடு.”

விரல் உயரத்துக்கு ஒரு சின்ன பாட்டில். சும்மா வைத்தால் அடியில் மாவு மாதிரி தங்கியிருக்கும். குலுக்கினால் பாலாக மாறும். அதனால் அந்த லைனில் எல்லோருக்கும் அது பால் மருந்து. ஃபாக்டரி டிஸ்பென்சரியில் வெல்டர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். சிகந்தராபாத்துக்குப் பக்கத்து மௌலா அலியில் வெல்டர் குடியிருக்கும் வீடு ஒவ்வொன்றிலும் உப்பு ஜாடி இருப்பது போல அது இருக்கும்.

வெல்டர் தன் கண்ணில் தானே சொட்டு விட்டுக்கொள்ள மாட்டான். எரிகிற கண், பாட்டிலைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும். வேலையிடத்தில் பின்னால் நிற்பவன் விடுவான். அவனுக்கு இவன் விடுவான். வீட்டில் அந்த வேலை பொண்டாட்டிக்கு.

லூர்துமேரி அவன் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் விட்டாள். அவன் மூச்சு விட்டான். பிறகு பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“நீ திரும்பு.”

ஆஸ்பத்திரிச் சொட்டு அவள் கண்ணை எரித்துச் சிவக்க வைக்கத் தொடங்கியதிலிருந்து இது வழக்கம். அவள் அவனுக்கு விடுவாள். கையோடு அவன் அவளுக்கு விடுவான். கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. இரும்பைப் பிடித்துக் காய்த்த விரல், பஞ்சு மாதிரி படும். வயசுக்கு வந்த மகள் இருக்கும் வீட்டில், பகல் வெளிச்சத்தில் அவன் அவளைத் தொடுவது அந்த ஒரு தரம்தான்.

“குளிருதா?”

“குளிருது.”

பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு ஆஸ்பத்திரி. அங்கே கண்ணை மரக்க வைத்துக் குடைந்த பிறகு சிவந்துபோகும். வரும் வழியில் மகள் செலினிடம் சொல்லி ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

எழுந்து திரும்பும்போது கதவு நிலை வலது தோளில் இடித்தது. ஒரு மாசமாக இப்படித்தான். நேராகப் பார்த்தால் தெரிகிறது. பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை.

ஆரோக்கியசாமி அதைப் பார்த்தான். பாயை விரித்தான்.

*

பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. முழங்கை அவன் பையில் பட்டு சில்லறை சிதறியது.

“ஏய் அம்மா, திக்தா நை க்யா?” கண் தெரியவில்லையா என்று கத்தினான்.

“ஜரா தமீஸ் சே பாத் கரோ!” மரியாதையாகப் பேசச் சொல்லி செலின் சீறினாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், பத்தொன்பது வயசு. தமிழைவிட இந்துஸ்தானியில் அவளுக்குக் கோபம் நன்றாக வரும். “கண்ணு தெரியாதவங்கதான். அதுக்கு இன்னா இப்ப?”

“கண்ணு தெரியும்டீ” என்றாள் லூர்துமேரி. “ஒண்ணு தெரியும்.”

சிகந்தராபாத்தில் கண் ஆஸ்பத்திரி. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன பிறகு கூப்பிட்டார்கள். டாக்டர் ஜெயகரன் தமிழர்தான். அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்து குடியேறிவிட்ட குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசிக்கும் குரல் அவருக்கு. ஆஸ்பத்திரியிலும் அதே குரலில்தான் பேசுவார்.

அவளைப் படுக்க வைத்து, கண்ணை மரக்க வைத்து, அழுத்தம் அளக்கும் கருவியைக் கருவிழி மேலே நிறுத்தினார். சின்ன இரும்புத் துண்டுதான். ஆனால் மூச்சு விடவும் பயமாக இருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நர்ஸிடம் ஒரு அட்டையைக் கேட்டு வாங்கி அதையும் பார்த்தார்.

“முப்பத்தாறு.”

கருவியைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே லூர்துமேரிக்குப் புரிந்துவிட்டது.

“இருபதுக்குள்ள இருக்கணும். போன தடவை முப்பது இருந்துச்சு. ஏறிக்கிட்டே போகுது. ஏம்மா, மருந்து போடறீங்களா, இல்லையா?”

“போடறேன் சார்.”

“போட்டா ஏறாது.”

“நாலு வேளையும் போடறேன் சார்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் இதேதான். ஃப்ரீயா குடுத்தா உங்களுக்கெல்லாம் அதோட அருமை தெரியறதில்ல. எங்கிட்ட பொய் சொல்லி என்ன பிரயோஜனம்? போறது என் கண்ணு இல்லம்மா, உங்க கண்ணு.”

கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். ஆபரேஷன் செய்தாக வேண்டும். இருப்பது ஒற்றைக் கண். சரியாகவும் வரலாம்; இருப்பதும் போகலாம். வீட்டுக்காரரைக் கூட்டி வந்து கையெழுத்துப் போடுங்கள்.

லூர்துமேரி எழுந்து உட்கார்ந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி அவள் குரல் கிளம்பியது.

“பொய்யா?”

“மா...” என்றாள் செலின்.

“நீ இரு. யாரு சார் பொய் சொன்னது? உங்க மருந்து விட்டா மண்டையில ஆணி அடிக்குது. நாலு வேளையும் அடிச்சுக்கறேன். கண்மணி கடுகாட்டம் சுருங்கிப் போயி, பட்டப்பகல்ல வீடு இருட்டுது. எம் பொண்ணுக்குத் தட்டுல சோறு போட்டேனா தரையில போட்டேனான்னு தடவிப் பாக்கறேன். இத்தனையும் பட்டுக்கினு, போடலன்னு உங்க கிட்ட பொய் வேற சொல்லுவேனா? எனக்கு இன்னா வேண்டுதலா?”

“சத்தம் போடாதீங்க...”

“போடுவேன். நீங்க என்னைப் பொய்க்காரின்னு சத்தமாத்தானே சொன்னீங்க? இந்தாங்க, பாத்துக்கங்க!”

பையைத் தலைகீழாகப் பிடித்து அவர் மேஜையில் கொட்டினாள். சீப்பு, ஜெபமாலை, பொட்டலத்தில் வறுகடலை, தீர்ந்துபோன ஆஸ்பத்திரிச் சொட்டுப் பாட்டில் ஒன்று, தீரப்போகிறது ஒன்று.

“காலி பாட்டிலு பாருங்க. தரையில ஊத்தினேனா?”

டாக்டர் காலி பாட்டிலைப் பார்க்கவில்லை. கடலைப் பொட்டலத்தில் முட்டி நின்ற இன்னொரு பாட்டிலைப் பார்த்தார். எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குலுக்கினார். பால் போலக் கலங்கியது.

“இது என்ன?”

“அது ஒண்ணுமில்ல சார். கம்பெனியில குடுக்கறது. எரிச்சலுக்கு.”

“கண்ணுல விடறீங்களா?”

“காலையில ஒரு சொட்டு.”

“தினமுமா? எவ்வளவு நாளா?”

“உங்க மருந்து ஆரம்பிச்சதுலேருந்து. உங்களுது எரியுது. இது குளிருது.”

டாக்டர் ஜெயகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். பைபிள் வாசிக்கும் குரல் காணாமல் போயிற்று.

“இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா.”

“அப்படின்னா?”

“வீக்கம், எரிச்சல், சிவப்பு எல்லாத்தையும் அடக்கும். கண்ணு வெளியில பளிச்சுன்னு ஆயிடும். ஆனா...” பாட்டிலை மேஜையில் வைத்தார். “கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுறது ஒரு வழியா வடிஞ்சுக்கிட்டும் இருக்கும். உங்க வியாதியே அந்த வடியற வழி கெட்டுப்போனதுதான். இந்த மருந்தை நாள்கணக்கா விட்டா அந்த வழி இன்னும் அடையும். எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல. கிளாக்கோமா இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு ஆகும்.”

“அப்ப...”

“என் மருந்து ஒரு பக்கம் இறக்குது. இது ஒரு பக்கம் ஏத்துது.”

லூர்துமேரி அந்தப் பாட்டிலையே பார்த்தாள். காய்த்துப்போன கட்டைவிரல் இமையில் படுவது போல் இருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். காலையில் விட்ட சொட்டு இத்தனை நேரம் அங்கே நிற்காது என்று தெரிந்தும் துடைத்தாள்.

“நிறுத்திட்டா இறங்குமா?”

“இறங்கலாம். இன்னையோட நிறுத்துங்க. ஒரு மாத்திரை எழுதறேன், விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. நாலு நாள் கழிச்சு ஒரு தடவை பார்க்கறேன், அப்புறம் மூணாவது வாரம் பார்க்கறேன். இறங்கிட்டா கத்தி வேண்டாம்.”

“பக்கத்துல தெரியாம போச்சே சார், ஒரு மாசமா. அது?”

“நரம்புல போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம்.”

ஜல்லி உடைத்த காலத்தில் மேஸ்திரி இப்படித்தான் பேசுவான். யாருடைய விரல் நசுங்கினாலும், நசுங்கினது நசுங்கினதுதான், மீதியை உடை என்பான்.

செலின் மேஜை ஓரத்துக்கு வந்தாள்.

“டாக்டர், வேற எதாச்சும் மருந்து போடறீங்களான்னு நீங்க ஏன் கேக்கல?”

“நீங்க சொல்லியிருக்கணும்.”

“எங்களுக்கு எப்படித் தெரியும்? அது மருந்துன்னே நாங்க நெனைக்கல. எல்லாம் தெரிஞ்சா நாங்க ஏன் இங்க வர்றோம்? போடறீங்களா, போடறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க. லையர்னு சொல்ல டைம் இருந்துச்சு, இந்த ஒரு கேள்விக்கு டைம் இல்ல?”

“பாரும்மா, வெளியில நாப்பது பேர் இருக்காங்க.”

“எங்க அம்மா கிட்ட சாரி சொல்லுங்க.”

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி முடித்து நீட்டினார். மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

*

திரும்பும் பஸ்ஸில் செலின், “நேரா வீட்டுக்குப் போலாம் மா” என்றாள்.

“நக்கோ, வேணாம்” என்றாள் லூர்துமேரி. “ஃபாக்டரி கேட்டாண்ட இறங்கு.”

பகல் ஷிஃப்ட் விடும் நேரம். டிஸ்பென்சரி கேட்டுக்கு வெளியே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி. எமர்ஜென்சியில் எழுதிய ‘பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு’ அந்தச் சுவரில் இன்னும் அழியவில்லை. அதன் கீழே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் வெல்டர்களின் வரிசை.

லூர்துமேரி இதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு நின்று பார்த்தாள். ஜன்னலிலிருந்து ஒரு கை பாட்டிலை நீட்டும். வாங்கியவன் தலையைப் பின்னால் சாய்ப்பான். அவனுக்குப் பின்னால் நிற்பவன் இமையை இழுத்து விடுவான். இவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவனுக்கு விடுவான். பூசையில் பாதர் வரிசையாக அப்பம் கொடுப்பது போல அமைதியாக நடந்தது.

வரிசையை இடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

“கம்பவுண்டர் சார், இதுல ஸ்டீராய்டு கீதாமே?”

சாம்பசிவம் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் அந்த ஜன்னலில் அவரிடம் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

“இருக்கும். அதனாலதான் சட்டுனு கேக்கறது.”

“அது கண்ணுல அழுத்தம் ஏத்துமாமே?”

“ஏம்மா, யாரு சொன்னா?”

“கண் டாக்டரு சொன்னாரு. என் அரைக் கண்ணைத் தின்னுட்டுதாம். எந்த டாக்டரு எழுதி நீங்க இதைக் குடுக்கறீங்க?”

“டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார். இது அவர் ஏற்கெனவே சொல்லி வச்சது. ஆர்க் அடிச்ச கண்ணுக்கு. ரெண்டு நாள் விட்டுட்டு நிறுத்திடணும்.”

“ரெண்டு நாளா? அதை யாருக்குச் சொன்னீங்க?”

“எல்லாருக்கும் தெரியும்.”

லூர்துமேரி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். “ரெண்டு நாள்ல நிறுத்தணும்னு உங்கள்ல யாருக்காச்சும் இவரு சொன்னாரா?”

ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் பீடியை அணைத்தான். பக்கத்து வீட்டு லட்சுமணன் வரிசை நடுவில் நின்றுகொண்டு, “எனக்கு ஆறு வருஷமா ரெண்டு நாளுதான் அக்கா நடக்குது” என்றான்.

வரிசை சிரித்தது. சாம்பசிவத்துக்கு முகம் கறுத்தது.

“இங்க பாரும்மா. நான் குடுத்தது உன் புருஷன் கண்ணுக்கு. உன் கண்ணுல விடுன்னு நான் சொன்னேனா? விட்ட கை யாரோட கை? அந்தாளைப் போய்க் கேளு. ஜன்னலண்ட வந்து ஏன் கத்தறே?”

சிரிப்பு நின்றது.

அந்தக் கேள்வி எங்கே குத்தும் என்று தெரிந்துகொண்டுதான் அவர் கேட்டார். டாக்டர், நீ சொல்லவில்லை என்றார். கம்பவுண்டர், நான் சொல்லவில்லை என்றார். இரண்டு பேரும் சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, படித்த வாயால் பேசி, குற்றத்தைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஒரே இடம். தீய்ந்த சட்டையோடு பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெல்டரின் கை.

“சரி” என்றாள் லூர்துமேரி. “என் கண்ணை விடுங்க. இவங்க கண்ணை யாராச்சும் பாத்தீங்களா? வருஷக்கணக்கா விடறாங்களே, உள்ளுக்குள்ள எவ்வளவு ஏறியிருக்குதுன்னு ஒரு நாள் அளந்தீங்களா?”

“இந்தம்மா பேச்சைக் கேட்டு மருந்து வேணாங்கறவன் யாராவது இருந்தா லைனை விட்டு நகரலாம்” என்றார் சாம்பசிவம்.

ஒருவரும் நகரவில்லை. கண்ணில் மணலோடு எவனால் தூங்க முடியும்? நாளைக்கு மறுபடி ஆர்க் பிடிக்க வேண்டும். லட்சுமணன் மட்டும் வரிசையிலிருந்து தலையை நீட்டினான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னா, பொம்பளை ஏதோ சொல்லுதுன்னு போயிருவாங்க. ஆரோக்கியண்ணன் வந்து சொல்லட்டும். அவரு வெல்டரு. பத்தொன்பது வருஷம் ஆர்க் பிடிச்ச ஆளு. அவரு சொன்னா நாங்க கேக்குறோம்.”

சொல்லிவிட்டு, பின்னால் நின்றவனிடம் முகத்தைச் சாய்த்துக் கொடுத்தான். சொட்டு விழுந்தது.

*

ஆரோக்கியசாமி எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தான். மூன்று தம்ளர் எடுத்து வைத்திருந்தான்.

“இன்னா சொன்னாரு?”

லூர்துமேரி எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தாள். செலின் யோசிக்கவில்லை.

“அந்தப் பால் மருந்துதான்பா அம்மா கண்ணைக் கெடுத்துச்சு. டெய்லி நீங்க விட்டீங்களே, அதான்.”

“ஏய், போ உள்ள” என்றாள் லூர்துமேரி.

“கைக்கு? ஏன் போகணும்? உண்மைதானே?”

ஆரோக்கியசாமி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். ஆற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவானுங்க” என்றான். “அவன் மருந்து கேக்கல. பழியை எது மேலயாச்சும் போடணும். பத்தொன்பது வருஷமா எங் கண்ணுல விடறேன். எனக்கு இன்னா ஆச்சு?”

“எல்லாருக்கும் ஆகாதாம். எங் கண்ணு மாதிரி கண்ணுக்கு ஆகுமாம்.”

“கம்பெனி மருந்து மேரி அது. சர்க்காரு குடுக்கறது.”

“சர்க்காரு குடுத்தது உங்களுக்கு. எனக்குக் குடுத்தது நீங்க.”

சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வந்துவிட்டது. அவன் தம்ளரைக் கீழே வைத்தான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டான்.

“எரியுதுன்னு அழுதியே மேரி” என்றான். “பாக்க முடியாம விட்டேன்.”

“தெரியும்.”

“நான் இன்னா விஷம்னு தெரிஞ்சா விட்டேன்?”

“இல்ல. அதுவும் தெரியும்.” அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். வலது பக்கம் இருந்த சுவர் அவளுக்குத் தெரியவில்லை. கை வைத்துத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். “தெரியாம செஞ்சீங்க. அதுக்காகப் போனது திரும்பி வராது. இருக்கறது நிக்குமா, நிக்காதான்னு மூணு வாரத்துல தெரியும். அது என் பாடு. இப்ப நான் கேக்கறது வேற.”

“இன்னா?”

“நாளைக்குக் காலையில ஷிஃப்ட் விட்டதும் அந்த ஜன்னலாண்ட நில்லுங்க. அத்தனை பேரும் வரிசையில நிக்கும்போது சொல்லுங்க. இந்த மருந்தை எங் கையாலதான் எம் பொண்டாட்டி கண்ணுல விட்டேன், கண்ணு போச்சு, வீட்டுக்கு எடுத்துக்கினு போகாதீங்க, நீங்களும் போயி கண்ணை அளந்து பாருங்கன்னு சொல்லுங்க. நான் சொன்னேன். ஒருத்தனும் நகரல. நீங்க சொன்னா கேப்பாங்களாம்.”

“ஜன்னலாண்ட போனியா நீ?”

“போனேன்.”

“எல்லார் முன்னாலயும் எம் பேரை இழுத்தியா?”

“நான் இழுக்கல. கம்பவுண்டரு இழுத்தான். விட்ட கை யார் கைன்னு கேட்டான். அதுக்கு நான் வாயைத் திறக்கல.”

ஆரோக்கியசாமி எழுந்து நின்றான். “உனக்கு ஒண்ணும் தெரியாது மேரி. வெல்டரு வாயில கண்ணுன்னு வார்த்தை வந்துச்சுன்னா ஃபோர்மேன் மெடிக்கலுக்கு அனுப்புவான். அங்க ஒரு குறை எழுதினான்னா ஆர்க்கைப் பிடுங்கிட்டு, மூட்டை தூக்குடான்னு கலாசியா போடுவான். இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நான் மூட்டை தூக்கறேன்னு சொல்லி, மாப்பிள்ளை கேட்டு எவன் வீட்டுல போய் உக்காருவே?”

“அப்பா, அதுக்கு என் பேரைச் சொல்லாதீங்க” என்றாள் செலின் உள்ளேயிருந்து. “எனக்கு நக்கோ அந்தக் கல்யாணம்.”

“நீ சும்மா இருடீ.”

“குறை எழுதுவான்னு பயப்படறியே” என்றாள் லூர்துமேரி. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ‘நீங்க’ வரவில்லை. “அப்ப உங் கண்ணுலயும் குறை கீதா?”

அவன் சட்டையைத் தேடித் திரும்பினான்.

“சொல்லு. உனக்கு யாரு விடறா? நான்தானே விடறேன்? தினமும் உந் தலையைச் சாச்சு எங் கையாலதானே விடறேன்? ராத்திரி சைக்கிள்ல போகும்போது போன வாரம் பள்ளத்துல விழுந்தேன்னியே, பள்ளம் தெரியாம விழுந்தியா? ரோட்டுல லைட்டு இல்லாம விழுந்தியா?”

“லைட்டு இல்ல.”

“எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுய்யா.”

அவன் சட்டையை எடுத்து மாட்டினான். தீப்பொறி தின்ற ஓட்டை ஒன்றில் விரல் மாட்டிக்கொண்டு துணி கிழிந்தது. ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே இன்னும் சரியாக இருட்டக்கூட இல்லை. செலின் அவசரமாகக் கட்டிக்கொடுத்த டிபனை வாங்கிக் கேரியரில் வைத்தான்.

லூர்துமேரி வாசலில் போய் நின்றாள். எதிர்வீட்டு அன்னக்கிளி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

“நாளைக்குச் சொல்றியா, இல்லையா?”

ஆரோக்கியசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். தெருவில் வெளிச்சம் இருந்தும் ஏறவில்லை. லைன் முடியும் வரை தள்ளிக்கொண்டே போனான். மூலையில் தெருவிளக்குக்கு முன்னால் நின்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த ஜன்னலின் முன்னால், அத்தனை வெல்டர்களும் கேட்க, என் கையால் விட்டேன், என் பெண்டாட்டி கண் போயிற்று என்று ஒரு வார்த்தை. லூர்துமேரிக்கு அவன் கொடுக்க வேண்டியது அது. இன்னும் கொடுக்கவில்லை.